ஜூன் 12, அக்டோபர் 1, 17 சதவீதம்: கொள்கை ஆய்வாளர் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: நான் மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். வயது 27. பி.எஸ்சி. வேளாண்மை முடித்து, எம்.எஸ்சி. வேளாண் பொருளியல் படித்தேன். மூன்று வருடமாக ஒரு விதை நிறுவனத்தில் களப்பணி. இப்போது சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் காலநிலை, நிலப் பயன்பாடு, வேளாண்மை ஆகியவற்றைப் பார்க்கும் பிரிவில் கொள்கை ஆய்வாளராக இரண்டு வருட ஒப்பந்தத்தில் அழைத்திருக்கிறது. சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. அப்பா, "வேளாண்மை அலுவலர் தேர்வுக்குப் படி" என்கிறார். மாமா, "அது ரிப்போர்ட் எழுதுற வேலைம்மா, எழுதினது அலமாரியில தூங்கும்" என்கிறார். உண்மையில் அங்கே என்னதான் செய்வார்கள்? யாருக்காவது பயன்படுமா? எனக்குப் புள்ளியியல் சுமார்தான், வரைபட மென்பொருள் தெரியாது, ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம். பணம் கொடுப்பவர் விரும்புவதைத்தான் எழுத வேண்டியிருக்குமா? (வாசகி, திருவாரூர் மாவட்டம்)

பதில்:

வணக்கம். உங்கள் மாமா சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. இந்தத் துறையில் எழுதப்படும் அறிக்கைகளில் பெரும்பாலானவை வெளியீட்டு விழாவோடு முடிந்துபோகின்றன. அட்டையில் வெடித்த நிலம், உள்ளே இருபது பரிந்துரை, அதில் பாதி "ஒருங்கிணைந்த அணுகுமுறை தேவை" என்கிற ரகம். அது யாருக்குத் தேவை, எந்த மாதம் தேவை, எந்தக் கோப்பில் போய்ச் சேர வேண்டும் என்பது எழுதியவருக்கே தெரிந்திருக்காது. உருப்படியாகச் செய்தால் இந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் அதிலேயே இருக்கிறது.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அன்று திறந்து தண்ணீரும் ஒழுங்காக வந்தால், குறுகியகாலப் பயிரான குறுவை நெல் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடைக்கு வரும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். அறுவடைக்கும் மழைக்கும் நடுவில் இருப்பது சில வாரம்தான். இந்தச் சில வாரத்தை நம்பித்தான் காவிரி டெல்டாவின் முழுக் கணக்கும் ஓடுகிறது. ஆனால் அணை 2022-இல் மே 24-ஆம் தேதியே திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2023-இல் சரியாக ஜூன் 12-க்குத் திறந்தார்கள், ஆனால் கர்நாடகத்தில் மழை குறைந்ததால் தண்ணீர் போதவில்லை. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடையில் குறுவை காய்ந்து, அரசு எக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இப்போது அரசு நெல் வாங்கும் கொள்முதல் நிலையத்துக்கு வருவோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பது உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மத்திய அரசின் உணவு இருப்பான மத்தியத் தொகுப்புக்குப் போகும் நெல் என்பதால் இந்த எண்ணை வைத்தது டெல்லி. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல் 20-ஐத் தொடும், தாண்டும். உடனே மாநில அரசு தளர்வு கேட்டுக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வரும், நிலையம் நிலையமாகப் போய் மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்கு அனுப்பும். அதன் பிறகு 19 வரை எடுக்கலாம், 20 வரை எடுக்கலாம் என்று ஓர் ஆணை வரும். அது வந்து சேர்வதற்குள் சாலையோரம் கொட்டி வைத்த நெல் முளைத்திருக்கும். இல்லையென்றால் கிடைத்த விலைக்கு வியாபாரியின் லாரியில் ஏறியிருக்கும். ஏறக்குறைய இதே காட்சி பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பது போலவே எல்லாரும் கடிதம் எழுதுகிறார்கள்.

ஒரு கொள்கை ஆய்வாளர் இங்கே என்ன செய்யலாம்? கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அணை திறந்த தேதி, வட்டார வாரியாக அறுவடை நடந்த வாரம், தினசரி மழை அளவு, மாநிலம் கடிதம் எழுதிய தேதி, குழு வந்த தேதி, ஆணை வந்த தேதி, அந்தந்த வாரம் நிலையங்கள் வாங்கிய மூட்டைகள் என்று எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். கேட்க எளிது. ஆனால் இவை வானிலைத் துறை, வேளாண் துறை, பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறை, நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று நாலு இடத்தில் கிடக்கின்றன. ஓரிடத்தில் மாவட்டக் கணக்கு, இன்னோரிடத்தில் மண்டலக் கணக்கு. ஒன்றில் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டு, ஒன்றில் நிதியாண்டு, ஒன்றில் அக்டோபரில் தொடங்கும் கொள்முதல் ஆண்டு. இவற்றை ஒரே ஓட்டத்தில் கொண்டுவருவதிலேயே உங்கள் முதல் சில மாதங்கள் போகும். சலிப்பாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அது முடிந்த பிறகுதான் கேள்வி கேட்க முடியும். ஒவ்வொரு ஆண்டும் கெஞ்சுவதற்குப் பதில், ஒரு வட்டாரத்தில் அறுவடை வாரத்தில் இவ்வளவுக்கு மேல் மழை பதிவானால் தளர்வு தானாகவே அமலுக்கு வரும் என்று நிரந்தர விதி வைக்க முடியுமா? வைத்தால் செலவு யார் தலையில் விழும்? இங்கேதான் எதிர்த்தரப்பின் பக்கமும் போய் உட்கார வேண்டும். இந்திய உணவுக் கழகத்தைக் கேட்டால், ஈரமான நெல் கிடங்கில் கெடும், ஆலையில் அரிசி குறையும் என்பார்கள். 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் அரிசி 68 கிலோ வர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அது வறட்டுப் பிடிவாதம் இல்லை, நியாயமான கவலை. சரி, தளர்வுக்குப் பதில் நிலையத்திலேயே உலர்த்தும் இயந்திரம் வைத்தால்? அதற்கு எவ்வளவு ஆகும், வருடத்தில் எத்தனை வாரம் ஓடும், மீதி நாள் யார் பராமரிப்பது? இப்போதைய வழக்கம், நிரந்தர விதி, உலர்த்தும் இயந்திரம் என்று மூன்று வழிகளுக்கும் செலவும் பலனும் போட்டு, இரண்டு பக்கத்தில், ஒரு செயலர் காரில் போகும்போது படித்து முடிக்கிற மாதிரி எழுதித் தர வேண்டும். அதுவும் ஜூலைக்குள். அக்டோபரில் கொடுத்தால் அது உங்கள் மாமா சொன்ன அலமாரிக்குத்தான் போகும்.

காலநிலை மாற்றம் என்றதும் பனிப்பாறையும் கடல்மட்டமும்தான் பேச்சாக இருக்கிறது. கொள்கை வேலையில் அதற்குப் பொருள் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. பழைய வானத்தைப் பார்த்து வைத்த தேதிகளும் எண்களும் இப்போதைய வானத்தோடு ஒட்டுவதில்லை. எந்தத் தேதி ஒட்டவில்லை, எந்த எண் ஒட்டவில்லை, அதை மாற்றக் கையெழுத்துப் போட வேண்டியவர் யார், மாற்றினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. மற்றதெல்லாம் அதற்கான கருவி.

மாற்ற முடியுமா என்று கேட்டால், முடியும், மாறியும் இருக்கிறது. கொள்முதல் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்குவது நெடுங்காலப் பழக்கம். 2022-இல் அணை மே மாதமே திறந்ததால் குறுவை முன்கூட்டியே அறுவடைக்கு வந்துவிடும் என்று மாநில அரசு எடுத்துச் சொல்லி, செப்டம்பர் 1 முதலே புதிய விலைக்கு வாங்க மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஒரு மாதம் முன்னால். அந்த ஒரு மாதம் எத்தனை பேர் களத்துமேட்டில் நெல்லை மழையிலிருந்து காப்பாற்றியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் காலநிலைத் தகவமைப்பு என்று எந்த மேடையிலும் யாரும் பேசவில்லை. என்னைக் கேட்டால், அந்தப் பெயரில் நடக்கும் பல கருத்தரங்குகளைவிட அது பெரிய காரியம். இன்னொன்றும் உண்டு. பேரிடர் நிதியிலிருந்து பயிர் நிவாரணம் பெற முன்பு பாதிப் பயிராவது சேதமாகியிருக்க வேண்டும். 2015-இல் அது 33 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஒரே ஓர் எண்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தும் பாதியை எட்டாததால் வெளியே நின்றவர்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள். யாருடைய குறிப்பு அதற்குப் பின்னால் இருந்தது என்று செய்தியில் வராது. பெயர் வர வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு இது சரியான தொழில் இல்லை.

நிலப் பயன்பாட்டுக்கு வருவோம். டெல்டாக்காரர் என்பதால், விளைநிலத்தில் சில தொழில்கள் புதிதாக வராமல் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தபோது திருச்சி, அரியலூர், கரூர் பெயர்களும் அதில் இருந்தன. அதே மாதம் சட்டம் நிறைவேறியபோது அட்டவணையில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில வட்டாரங்களும் மட்டுமே இருந்தன. பேச்சைக் கேட்டவருக்கு ஒரு மண்டலம், அட்டவணையைப் படித்தவருக்கு வேறொரு மண்டலம். இது ஏதோ நுணுக்கம் என்று தோன்றும். 2023-இல் மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி என்று மூன்று பகுதிகள் வந்தபோது அது நுணுக்கமாக இல்லை. மைக்கேல்பட்டி அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. எதிர்ப்பு எழுந்து மூன்றும் விலக்கிக்கொள்ளப்பட்டன, நல்லது. அடுத்த முறைக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்கு மட்டும் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

அதே சட்டத்தில் இன்னொரு அட்டவணை, புதிதாக வரக்கூடாத தொழில்களைச் சொல்கிறது. உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலை, எண்ணெய், எரிவாயு எடுப்பது முதலியவை. வீட்டுமனை அதில் இல்லை. உங்கள் ஊருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் சாலையோரம் கொடி நட்டு, கல் ஊன்றி, வளைவு வைத்த நிலங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கவனிப்பது வேறு சட்டம், 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும் அதன் கீழ் 2017-இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகளும். அந்த விதிகளும் தானாக வந்துவிடவில்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு வந்தவை. ஆக, விளைநிலத்தைக் காப்பது என்று ஒரே வாக்கியத்தில் பேசிவிடுகிறோம். ஆனால் வேளாண் துறை, தொழில் துறை, நகர் ஊரமைப்பு இயக்ககம், ஆட்சியர், பதிவுத் துறை என்று ஆளுக்கொரு துண்டு கையில் இருக்கிறது. எந்தத் துண்டு யாரிடம் என்று வரைந்து வைத்திருப்பவர் கூட்டத்தில் ஒருவர் இருந்தால் அந்தக் கூட்டம் ஒழுங்காக நடக்கும். அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

அப்புறம், புள்ளிவிவரம். செயற்கைக்கோள் படத்தில் உங்கள் கிராமத்தில் கொஞ்சம் நிலம் பழுப்பாகத் தெரியும். கணினி அதற்குத் தரிசு என்று பெயர் வைக்கும். அது ஏன் தரிசு என்று கணினிக்குத் தெரியாது. கடைமடைக்குத் தண்ணீர் வராமல் விட்டதா, அண்ணன் தம்பி வழக்கில் கிடக்கிறதா, மனையாக்கக் காத்திருக்கிறதா? மூன்றுக்கும் மூன்று கொள்கை வேண்டும். ஒரு வருடத்துக்குள் விட்டது நடப்புத் தரிசு, அதற்கு மேல் ஐந்து வருடம் வரை இதர தரிசு என்று அரசின் ஒன்பது வகைப் பிரிவு சொல்லும். ஒரு வகையிலிருந்து அடுத்ததுக்கு நிலம் நகர்வதுதான் உண்மையான கதை. அதைத் தெரிந்துகொள்ள, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராமத்தில் பதியும் அடங்கலையும் பருவம் மற்றும் பயிர் அறிக்கையையும் வைத்துக்கொண்டு டீக்கடையிலும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

இதைவிட முக்கியமான ஓட்டை குத்தகைதாரர். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் நிலம் என்று எவ்வளவு குத்தகையில் ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் வாய்வார்த்தைக் குத்தகை அந்தப் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஏற்ற நிலத்துக்காரர் விடமாட்டார், கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது. விளைவு என்ன? விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டமான பி.எம். கிசான், 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்தது என்று பார்க்கிறது. சேற்றில் இறங்குபவர் யார் என்று பார்ப்பதில்லை. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரர் சேரலாம்தான், ஆனால் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) தரும் அடங்கல் வேண்டும். சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15, மழை உச்சத்தில் இருக்கும் நேரம். நில ஆவணத்தை விவசாயிகள் பட்டியல் என்று எடுத்துக்கொண்டு செய்யும் எந்த ஆய்வும் வெள்ளத்தில் முதலில் நஷ்டப்படும் ஆளையே தவறவிடுகிறது. பெண்களுக்கும் இதே கதைதான். நடவிலும் களையிலும் இருப்பவர் பட்டாவில் இல்லை. சென்னை அலுவலகத்தில் மாதிரிக் கணக்கெடுப்புக்குப் படிவம் தயாராகும்போது "நிலம் யார் பெயரில்?" என்பதற்குப் பக்கத்தில் "சாகுபடி யார்?" என்று இன்னொரு கட்டம் போடச் சொல்லி நீங்கள் சண்டை போட்டால், அது ஒன்றே உங்கள் சம்பளத்துக்குப் பெறும்.

மீத்தேன் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கே சேர்ந்ததும் முதலில் உங்கள் மேசைக்கு வரப்போவது அதுவாகத்தான் இருக்கும். இந்தியாவின் பசுங்குடில் வாயு வெளியீட்டில் வேளாண்மையின் பங்கு சுமார் 14 சதவீதம். அதில் பாதிக்கு மேல் மாடு, எருமைகளின் செரிமானத்திலிருந்து வருகிறது, நெல்வயலின் பங்கு அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் வெளிநாட்டு நிதிக்கும் வாயு வெளியீட்டைக் குறைத்ததற்குப் பணம் தரும் கார்பன் வரவுத் திட்டங்களுக்கும் நெல்வயல்தான் பிடிக்கிறது. மாட்டை விட வயலில் மாற்றம் செய்வது எளிது என்று நினைக்கிறார்கள். வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் மீத்தேன் குறையும் என்பது உறுதியான விஷயம். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் கணக்கு முறையில் பருவத்தில் ஒருமுறை வடித்தால் 29 சதவீதமும், பலமுறை வடித்தால் 45 சதவீதமும் குறைவதாக வைத்திருக்கிறார்கள்.

சரி, வயல் யார் கையில் இருக்கிறது? மதகு யார் கையில் இருக்கிறது? வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, வருகிற அன்று நிரப்பிக்கொள்ளாவிட்டால் அடுத்த முறை வருமா என்று தெரியாத கடைமடை விவசாயியிடம், "வயலைக் காய விடுங்கள்" என்று குறும்படம் காட்டினால் என்ன சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். அச்சில் போட முடியாது. போர்வெல் உள்ளவருக்குத் தண்ணீர் கையில் இருக்கிறது. ஆனால் அவருக்கு விவசாய மின்சாரம் இலவசம், மோட்டாரைக் குறைத்து ஓட்டினால் அவர் பைக்கு எதுவும் வராது. ஆகவே அந்தத் திட்டத்தின் உண்மையான கேள்வி வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியுமா என்பது. அது நீர்வளத் துறையின் கேள்வி. மேலே போனால், மாநிலங்களுக்கு இடையே காவிரி நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் காவிரி மேலாண்மை ஆணையத்தின் கேள்வி. 2021-இல் கிளாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேராததற்கும், பொதுவாக வேளாண் மீத்தேன் பற்றிப் பேசும்போது டெல்லி பிடிகொடுக்காததற்கும் பின்னால் இருக்கும் கவலையும் இதுதான்: பிழைப்புக்குப் பயிரிடுபவர் மேல் பாரத்தை ஏற்றக்கூடாது. அந்த நிலைப்பாட்டோடு நீங்கள் உடன்படலாம், படாமலும் போகலாம். அது தெரியாமல் அறிக்கை எழுதக்கூடாது.

உங்கள் தகுதி பற்றிய பயத்துக்கு வருகிறேன். புள்ளியியல் சுமார் என்றால் அது சரிசெய்யக்கூடிய குறை. இந்த வேலையில் பெரும்பகுதி சராசரி, பரவல், காலத்தொடர், இரண்டு அட்டவணையைச் சரியாக இணைப்பது என்ற அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் வேண்டியபோது கூட இருப்பவர் செய்வார். அவர் செய்தது அபத்தமா இல்லையா என்று கண்டுபிடிக்கத்தான் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். திருவாரூரில் ஏப்ரலில் சம்பா நடவு என்று ஒரு கணினிக் கணிப்பு சொன்னால், கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தப்பு என்று அறையில் யாராவது ஒருவருக்குத் தெரிய வேண்டும். வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் வட்டத்தின் கிராம எல்லைகளைப் போட்டு, வாய்க்கால்களை வரைந்து, கொள்முதல் நிலையங்களைப் புள்ளி வைத்துப் பாருங்கள். எல்லாரும் செய்யும் பயிற்சிக் கோப்பை விட இது சீக்கிரம் கற்றுத்தரும். ஆங்கிலம் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். அங்கே வேண்டியது சின்னச் சின்ன வாக்கியம். தெளிவாக யோசித்தால் வந்துவிடும். யாரும் சொல்லித்தராத ஒன்றை மட்டும் இப்போதே தொடங்குங்கள்: அரசாணை படிப்பது. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பையும், 2021 ஆகஸ்ட் முதல் தனியாக வரும் வேளாண் நிதிநிலை அறிக்கையையும் நாலைந்து வருடத்துக்கு வரிசையாகப் படியுங்கள். போன வருடம் அறிவித்தது இந்த வருடக் குறிப்பில் என்ன ஆயிற்று, எது சத்தமில்லாமல் காணாமல் போயிற்று என்று பார்க்கப் பழகினால், பாதி வேலை கற்றுக்கொண்ட மாதிரி.

விதை நிறுவனத்தில் இருந்த மூன்று வருடத்தை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. எந்த ஊரில் எந்த வருடம் நீண்டகால ரகத்தை விட்டுக் குறுகியகால ரகத்துக்குப் போனார்கள், எங்கே வெள்ளம் தாங்கும் என்று சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகத்தைக் கேட்டு வந்தார்கள், எந்த வாரம் விதை விற்பனை திடீரென்று நின்றது என்பதெல்லாம் உங்கள் தலையில் இருக்கிறது. தண்ணீர் பற்றியும் மழை பற்றியும் விவசாயி என்ன நம்பினார் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது. அரசுப் புள்ளிவிவரம் அதைச் சொல்ல வருடக்கணக்காகும். ஒன்று மட்டும் கவனம்: நிறுவனத்தின் விற்பனைக் கணக்கை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது உங்களுடையது இல்லை. தெரிந்ததை வைத்துக் கேள்வி கேளுங்கள், பதிலுக்கான தரவைப் புதிதாகச் சேகரியுங்கள்.

பணம் கொடுப்பவர் விஷயம். "இப்படித்தான் எழுத வேண்டும்" என்று யாரும் போன் செய்து சொல்ல மாட்டார்கள். அழுத்தம் வேறு வழியில் வரும். எந்தக் கேள்வியை எடுப்பது என்பதிலேயே அது முடிந்துவிடும். மீத்தேனுக்கு நிதி இருக்கும், குத்தகைப் பதிவுக்கு இருக்காது. ஆகவே மீத்தேன் பற்றி நேர்மையான ஆய்வுகள் நிறைய வரும், குத்தகை பற்றி எதுவும் வராது. பொய் ஒரு வரிகூட எழுதாமலேயே ஒரு துறை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துவிட முடியும். இதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை. கொடுத்த கேள்விக்குள்ளேயே விடுபட்ட ஆளைக் கொண்டுவருவது ஒரு வழி. மீத்தேன் ஆய்வில் குத்தகைதாரர் பற்றி ஒரு பகுதி வைத்தால் யாரும் வெட்ட மாட்டார்கள், ஏனென்றால் அது இல்லாமல் திட்டமே நடக்காது என்று காட்ட முடியும். அரசோடு வேலை செய்யும்போது வரும் அழுத்தம் வேறு மாதிரி. கூட்டத்தில் கேட்ட எண்ணை வெளியே சொல்ல முடியாது. அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். வேளாண்மை அலுவலர் வேலை கொள்கை வேலைக்கு எதிரானது இல்லை. ஒரு திட்டம் வட்டாரத்தில் வந்து இறங்கும்போது எப்படி உருமாறுகிறது என்பதை அங்கே இருப்பவர் பார்ப்பது போல வேறு யாரும் பார்ப்பதில்லை. ஒரு மானியம் ஏன் மார்ச் மாதத்தில் மட்டும் வேகமாகச் செலவாகிறது என்று ஆய்வாளர் கட்டுரை எழுதுவார், அலுவலருக்கு அது ஏற்கெனவே தெரியும். நிரந்தரம், ஓய்வுக்காலம், வீட்டின் நிம்மதி எல்லாம் கணக்கில் வர வேண்டியவையே. உங்கள் வீட்டின் நிலைமை கடிதத்தில் இல்லை. கடன் இருக்கிறது, உங்கள் சம்பளத்தை நம்பி ஆள் இருக்கிறார்கள் என்றால் தேர்வுக்குப் படியுங்கள் என்றே சொல்வேன். இந்த ஒப்பந்தங்கள் நிதி நின்றால் நின்றுவிடும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-இல் இறுக்கப்பட்ட பிறகு, வந்த நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்ற முடியாது, நிர்வாகச் செலவுக்கும் 20 சதவீதம்தான். சின்ன நிறுவனங்களில் அது நேராகச் சம்பளத்தில்தான் வந்து இடிக்கும். அப்படி நெருக்கடி எதுவும் இல்லையென்றால், இரண்டு வருடம் போய்ப் பாருங்கள். தேர்வுக்கான படிப்பையும் விடாமல் வைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். இந்தத் திட்டத்துக்கு நிதி எத்தனை மாதத்துக்குக் கையில் இருக்கிறது? முடிவு பிடிக்காமல் போனால் வெளியிடுவதைத் தடுக்கும் உரிமை யாருக்காவது இருக்கிறதா? களத்துக்குப் போக வருடத்தில் எத்தனை நாள், பயணச் செலவு முன்பணமா, பிறகு தருவதா? அறிக்கையில் என் பெயர் வருமா? தமிழில் ஒரு சுருக்கம் வெளியிடப்படுமா? கடைசியாக, சென்ற இரண்டு வருடத்தில் அவர்கள் எழுதியதில் ஏதாவது ஒன்று ஓர் அரசாணையிலோ ஒரு துறையின் கடிதத்திலோ இடம்பெற்றிருந்தால் காட்டச் சொல்லுங்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றாலும் பரவாயில்லை, புதிய நிறுவனமாக இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு கேள்வியா என்று முகம் சுளித்தால், அங்கே போக வேண்டாம்.

போவதாக முடிவெடுத்தால் பொங்கலுக்கு முன்பே சேரப் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடையும் கொள்முதலும் ஓடும். முதல் களப்பயணத்தை அப்போதே கேட்டு வாங்கிவிடலாம்.